பழைய லேப்டாப்பில் ப்ளூ-ரே: டிரைவ் மாற்றுவது முதல் படம் தெரிவது வரை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டில், நீல நிற பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு தட்டுகள் இருந்தன. 2013-ல் அவர் கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர் கொடுத்தவை. டிவிடி பிரதிகளைப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகச் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியது இந்த நீல உறை மட்டும். இப்போது கொழுந்தனாருக்குச் சாந்தி வருகிறது (அறுபதாம் கல்யாணத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்). அன்றைக்குக் கலசங்களை எந்த வரிசையில் வைத்தார்கள், எந்தப் பக்கம் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்துக்கொள்ளலாமே என்று, மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் தட்டைப் போட்டிருக்கிறார். 'கிர்ர்... கிர்ர்' என்று நாலு தடவை முனகிவிட்டு, டிஸ்க்கைச் செருகவும் என்று சொல்லிவிட்டது.

"கடையிலே காட்டுனா சீடி போயிருச்சுங்கிறாக தம்பி. உறையைப் பிரிச்சதே இன்னைக்குத்தான். வச்ச இடத்துல எப்படிப் போகும்?"

ஆச்சி கேட்டது சரியான கேள்வி. தட்டு நன்றாகத்தான் இருந்தது. அது ப்ளூ-ரே, லேப்டாப்பில் இருந்தது டிவிடி டிரைவ். அந்த டிரைவை மாற்றிக் கொடுத்த கையோடு இதை எழுதுகிறேன். கழற்றி மாட்டுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் அளவு பார்ப்பதிலும், பின்னால் படத்தை ஓட வைப்பதிலும்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் அந்த இரண்டு இடங்களிலும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லியிருக்கிறேன்.

டிவிடி டிரைவுக்கு ஏன் கண் தெரியவில்லை

சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அகச்சிவப்பு. டிவிடிக்கு 650, அது சிவப்பு. ப்ளூ-ரேக்கு 405, நீலமும் ஊதாவும் கலந்த நிறம். அலைநீளம் குறையக் குறைய லேசர் புள்ளியைச் சின்னதாகக் குவிக்கலாம். புள்ளி சின்னதானால் தட்டில் தடங்களை நெருக்கி எழுதலாம். சிடியில் இரண்டு தடங்களுக்கு நடுவே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி, டிவிடியில் 0.74, ப்ளூ-ரேயில் 0.32.

நம் பக்கத்தில் நடுவீட்டுக் கோலம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அதே நடுவீடு, அதே மாவு. கை தடித்த ஆள் போட்டால் நாலு இழையில் இடம் முடிந்துவிடும். மெல்லிசாக இழுக்கத் தெரிந்தவர் அதே இடத்தில் பத்து இழை போட்டுவிடுவார். தட்டின் விட்டம் மூன்றுக்கும் 12 செ.மீ.தான். ஆனால் சிடியில் 700 எம்பி, ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, ஒரு அடுக்கு ப்ளூ-ரேயில் 25 ஜிபி, இரண்டு அடுக்கு என்றால் 50 ஜிபி.

ஆக, டிவிடி டிரைவுக்கு மென்பொருள் போட்டோ அப்டேட் செய்தோ ப்ளூ-ரே படிக்க வைக்க முடியாது. அதற்கான லேசரே உள்ளே கிடையாது. அப்படி ஏதாவது 'கன்வெர்ட்டர்' இருக்கிறது என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். மறுபக்கம் ஒரு நல்ல செய்தி: ப்ளூ-ரே டிரைவில் மூன்று வகை லேசரும் இருப்பதால் உங்கள் பழைய சிடி, டிவிடி எல்லாம் அதில் ஓடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ப்ளூ-ரேயில் தகவல் இருக்கும் அடுக்கு, தட்டின் அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. டிவிடியில் அது 0.6 மி.மீ. மேலே கெட்டியான பூச்சு கொடுத்திருப்பார்கள் என்றாலும் எண்ணெய்க் கை பட்டால் ப்ளூ-ரே சீக்கிரம் திணறும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.

முதலில் தட்டைப் பாருங்கள், அப்புறம் டிரைவைப் பார்க்கலாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தி படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். உங்களிடம் இருப்பது கல்யாண வீடியோவா, கடையில் வாங்கிய சினிமாவா? இரண்டும் ப்ளூ-ரேதான், ஆனால் ஓட வைக்கும் வழி வேறு வேறு.

ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த தட்டில் பொதுவாகப் பூட்டு எதுவும் இருக்காது. டிரைவ் படித்தால் போதும், விஎல்சி என்ற இலவச மென்பொருளிலேயே படம் ஓடும். கடையில் வாங்கிய சினிமாத் தட்டில் ஏஏசிஎஸ் என்ற பூட்டு இருக்கும். அதைத் திறக்க உரிமம் பெற்ற, காசு கொடுத்து வாங்கும் பிளேயர் மென்பொருள் வேண்டும். விண்டோஸோடு அப்படி எதுவும் வருவதில்லை. மானிட்டரோ டிவியோ வெளியே மாட்டினால் அதற்கும் தனி நிபந்தனை உண்டு.

அதனால் என் அபிப்பிராயம் இதுதான். வீட்டு விசேஷத் தட்டுகளைப் பார்க்க, அவற்றைப் பிரதி எடுத்து வைக்க என்றால் டிரைவ் மாற்றுவது நல்ல முடிவு. சினிமா பார்க்க மட்டும் என்றால் டிவியோடு மாட்டும் ப்ளூ-ரே பிளேயர் ஒன்றைப் பழையதாகவாவது வாங்கிவிடுங்கள், லேப்டாப்போடு மல்லுக்கட்டாதீர்கள். கறுப்பு உறையில் வரும் 4கே தட்டுகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவற்றைக் கணினியில் முறைப்படி ஓட்ட, இன்டெலின் சில தலைமுறைப் பிராசஸர்களில் மட்டும் இருந்த ஒரு பாதுகாப்பு வசதி தேவை. புதிய பிராசஸர்களில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

லேப்டாப்புக்குத் தெம்பு இருக்கிறதா

டிவிடி வீடியோ அதிகபட்சமாக நொடிக்கு 9.8 மெகாபிட் வேகத்தில் வரும். ப்ளூ-ரே 40 மெகாபிட் வரை போகும். இதைப் பிரித்துப் படமாக்கும் வேலையைப் பிராசஸரே முழுவதுமாகச் சுமந்தால் பழைய கணினிகள் மூச்சுத் திணறும். கிராஃபிக்ஸ் சிப் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்டெலில் ஜிஎம்ஏ 950, எக்ஸ்3100 காலத்து லேப்டாப்களில் நம்பிக்கை வைக்க வேண்டாம். 2008-ல் வந்த 4500எம்ஹெச்டி முதல் நிலைமை தேவலை. 2010-க்குப் பிறகு வந்த ஐ3, ஐ5 லேப்டாப் என்றால் கவலையில்லை.

பெயர்களை வைத்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிரைவ் வாங்குவதற்கு முன்னால் இப்படிச் சோதித்துப் பாருங்கள். கேமராவில் எடுத்த 1080பி வீடியோ ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்து விஎல்சியில் ஓட்டுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு பாதிக்குக் கீழே நின்றால் தாராளம். 90-க்கு மேல் முட்டிக்கொண்டு படம் வெட்டி வெட்டி வந்தால் டிரைவுக்குச் செலவழிப்பது வீண்.

திரை 1366-க்கு 768 என்றால் முழு 1080 புள்ளிகளும் தெரியாதுதான். ஆனால் நம் ஊர் டிவிடிக்கு 720-க்கு 576 தானே? அதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி இன்னமும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ப்ளூ-ரே தட்டின் கோப்பு முறையான யுடிஎஃப் 2.5 அதற்கு நேரடியாகத் தெரியாது. விஸ்டாவிலிருந்து தெரியும்.

உள்ளே மாட்டுவதா, வெளியே மாட்டுவதா

யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் இருக்கும்போது எதற்கு லேப்டாப்பைக் கழற்ற வேண்டும்? நியாயமான கேள்வி. டிரைவே இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் வெளி டிரைவ் ஒன்றுதான் வழி. இரண்டு மூன்று கணினிகளில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதானாலும் அதுவே மேல்.

வெளி டிரைவில் ஒரு சிக்கல் உண்டு, மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 துளை 900. ப்ளூ-ரே டிரைவ் தட்டைச் சுழற்றத் தொடங்கும் நொடியில் ஒரு ஆம்பியரையும் தாண்டிக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் டிரைவ் வந்து வந்து மறையும், 'டிக் டிக்' என்று சத்தம் வரும். டிரைவ் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள். இரட்டைத் தலை யுஎஸ்பி வயரை இரண்டு துளைகளில் மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆச்சி வீட்டில் நான் உள்ளே மாட்டியதற்குக் காரணம் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் தொங்குகிற எந்த வயரும் தப்பாது. அங்கே இருந்த டிவிடி டிரைவும் ஏற்கனவே பாதி உயிர்தான்.

அளவெடுப்பது: இங்கேதான் பணம் போகும்

லேப்டாப் டிரைவில் பார்க்க வேண்டியவை தடிமன், பின்பக்க இணைப்பு, தட்டு உள்ளே போகும் விதம் ஆகிய மூன்றும்.

தடிமன் பெரும்பாலும் இரண்டு அளவு: 12.7 மி.மீ. மற்றும் 9.5 மி.மீ. 2012-க்கு முன்னால் வந்த பருமனான லேப்டாப்களில் 12.7 சகஜம். பிறகு வந்தவற்றில் 9.5 அதிகம். 12.7 டிரைவை 9.5 பள்ளத்தில் எந்த மந்திரம் போட்டும் நுழைக்க முடியாது. 9.5 டிரைவை 12.7 பள்ளத்தில் வைக்கலாம், ஆனால் தொளதொளவென்று ஆடும்; இடைவெளியை நிரப்பும் சட்டம் வேண்டும். அளப்பதை வெளியே தெரியும் பிளாஸ்டிக்கில் அளக்காதீர்கள். அது லேப்டாப்பின் வளைவுக்கு ஏற்றபடி பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும். டிரைவைக் கழற்றி அதன் உலோக உடம்பை ஸ்கேலால் அளக்க வேண்டும்.

கழற்றாமல் தெரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'டிவிடி/சிடி-ரோம் டிரைவ்ஸ்' என்பதைத் திறந்தால் டிரைவின் மாடல் பெயர் தெரியும். ஹெச்எல்-டிடி-எஸ்டி (HL-DT-ST) என்று தொடங்கினால் அது ஹிட்டாச்சியும் எல்ஜியும் சேர்ந்து செய்தது. அவர்கள் மாடல் எண்ணில் இரண்டாவது எழுத்து பெரும்பாலும் கதையைச் சொல்லிவிடும். ஜிடி30என் (GT30N) போல 'டி' (T) வந்தால் 12.7, ஜியு70என் (GU70N) போல 'யு' (U) வந்தால் 9.5. அதே கணக்கில் சிடி (CT), பிடி (BT) என்று தொடங்குபவை தடித்த ப்ளூ-ரே. சியு (CU), பியு (BU) என்பவை மெல்லிய ப்ளூ-ரே. பானசோனிக் டிரைவ் என்றால் மட்ஷிதா என்ற பெயரில் தெரியும். அவர்களுடைய ப்ளூ-ரே ரைட்டர்களில் யுஜே-260 தடித்தது, யுஜே-272 மெல்லியது.

இணைப்பு அடுத்தது. ஏறத்தாழ 2008-க்குப் பிறகு வந்த லேப்டாப்களில் சாட்டா இருக்கும். டிரைவின் பின்னால் இரண்டு தட்டையான நாக்குகள், ஒன்றில் 7 முனைகள், மற்றதில் 6. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதைவிட மின் இணைப்பு குட்டையாக இருக்கும், அதனால் ஹார்ட் டிஸ்க் வயர் இதற்குப் பொருந்தாது. அதற்கும் பழைய லேப்டாப் என்றால் 50 முனைகள் கொண்ட ஐடிஇ இணைப்பு. அதில் ப்ளூ-ரே டிரைவ் தேடி அலைவது வேண்டாத வேலை. வெளி டிரைவுக்குப் போய்விடுங்கள்.

தட்டு போகும் விதம்: இழுப்பறை போல வெளியே வருவது ஒன்று, வாய் போன்ற பிளவில் தட்டை நேராகச் செருகுவது இன்னொன்று. இரண்டையும் மாற்றிப் போட முடியாது.

இவை எல்லாம் பார்த்த பிறகு ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பள்ளத்தில் இருப்பது நிஜமாகவே டிரைவ்தானா? ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போடும்போது, பழைய ஹார்ட் டிஸ்க்கை 'கேடி' (caddy) என்ற டிரைவ் அளவுச் சட்டத்தில் வைத்து, டிவிடி இருந்த இடத்தில் பல கடைகளில் செருகிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் டிரைவ் போலவே இருக்கும்.

வாங்கும்போது

புதிய லேப்டாப் ப்ளூ-ரே டிரைவ் இப்போது அரிதாகிவிட்டது. எழுதும் ப்ளூ-ரே தட்டு செய்வதைச் சோனியே 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. சந்தை சுருங்கிக்கொண்டே போகிறது. காரைக்குடியில் நான் கேட்ட கடைகளில் இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் நூறு வருடப் பழைய ரவிவர்மா படம் கிடைக்கும், பத்து வருடப் பழைய லேப்டாப் டிரைவ் கிடைக்காது. கடைசியில் சென்னைக்குப் போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில், பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த 12.7 மி.மீ. சாட்டா காம்போ ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன்.

காம்போ என்றால் ப்ளூ-ரேயைப் படிக்க மட்டும் செய்யும், டிவிடி, சிடியில் எழுதவும் செய்யும். ப்ளூ-ரேயில் எழுதவும் வேண்டும் என்றால் ரைட்டர் என்று கேளுங்கள். படம் பார்க்கக் காம்போ போதும்.

பழைய டிரைவ் வாங்கும்போது கையில் ஒரு ப்ளூ-ரே தட்டு கொண்டுபோங்கள். இது முக்கியம். கடைக்காரர் ஏதாவது ஒரு டிவிடியைப் போட்டுக் காட்டி, "பாருங்க சார், சூப்பரா ஓடுது" என்பார். டிவிடி லேசரும் ப்ளூ-ரே லேசரும் தனித்தனி. நீல லேசர் செத்துப்போய் சிவப்பு லேசர் மட்டும் உயிரோடு இருக்கும் டிரைவ்கள் ஏராளம். நான் முதலில் பார்த்த இரண்டு டிரைவ்களும் அப்படித்தான். டிவிடி ஓடியது, நான் கொண்டுபோன தட்டைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. மூன்றாவதுதான் தேறியது.

கழற்றி மாட்டுவது

ஒரு சின்ன நட்சத்திரத் திருப்புளி, ஒரு ஜெம் கிளிப், ஒரு வெள்ளைத் துண்டு. இவ்வளவுதான் கருவி.

துண்டு எதற்கு என்று கேட்பீர்கள். ஆச்சி வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று பூவும் கொடியும் ஓடும் தரை. முதல் தடவை தரையிலேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். எள் அளவு ஸ்க்ரூ ஒன்று விரலிலிருந்து நழுவி, 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். கறுப்பு ஸ்க்ரூ, கறுப்புக் கொடி வரைந்த கல். குனிந்து பார்த்தாலும் தெரியவில்லை, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. இருபது நிமிடம் கழித்து ஆச்சி வந்து, உள்ளங்கையைத் தரையில் மெதுவாகத் தடவிக்கொண்டே போய், நாலாவது கல்லில் எடுத்துக் கொடுத்தார். வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் செய்யுங்கள்.

லேப்டாப்பை முழுவதுமாக அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரியையும் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கையை ஏதாவது ஒரு வெறும் உலோகத்தில், ஜன்னல் கம்பியில்கூட, ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பைக் கவிழ்த்து வையுங்கள். டிரைவ் இருக்கும் பக்கமாக, அடிப்பாகத்தில் ஒரு ஸ்க்ரூவின் பக்கத்தில் வட்டத்தட்டுப் படம் பொறித்திருக்கும். பல லேப்டாப்களில் டிரைவைப் பிடித்திருப்பது அந்த ஒரே ஸ்க்ரூதான். சிலவற்றில் ரேம் மூடிக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதைக் கழற்றியதும் டிரைவைப் பக்கவாட்டில் வெளியே இழுங்கள். வரவில்லை என்றால் முன்பட்டையை நகத்தால் பிய்க்க வேண்டாம். ஸ்க்ரூ இருந்த துளைப் பக்கமிருந்து, தட்டையான எதையாவது வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். அப்படியும் அசையவில்லையா? இன்னொரு ஸ்க்ரூ எங்கோ இருக்கிறது. பலம் காட்டாமல் தேடுங்கள்.

இப்போது பழைய டிரைவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதிலிருந்து இரண்டு சாமான்கள் புதியதற்கு மாற வேண்டும். ஒன்று, பின்பக்க மூலையில் இருக்கும் சின்ன உலோகக் கொக்கி. லேப்டாப் ஸ்க்ரூ பிடிப்பது இதில்தான். எள் ஸ்க்ரூ இரண்டு போட்டிருப்பார்கள். இதை மாற்ற மறந்துவிட்டு, டிரைவ் கையோடு வருகிறதே என்று புலம்பியவர்கள் உண்டு.

இன்னொன்று முன்பட்டை. ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, முன்பக்கம் இருக்கும் ஊசித் துளைக்குள் நேராக விட்டு அழுத்தினால் இழுப்பறை சட்டென்று வெளியே வரும். அதை முழுவதும் இழுத்து, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பட்டையை இரண்டு மூன்று பிளாஸ்டிக் பற்கள் பிடித்திருக்கும். ஓரத்துப் பல்லை நகத்தால் அமுக்கிக்கொண்டே பட்டையை முன்னால் நகர்த்தினால் கழன்றுவிடும். பழைய பிளாஸ்டிக் நம் ஊர் வெயிலுக்கு முறுக்கு மாதிரி ஆகியிருக்கும், அவசரப்பட்டால் 'படக்'. எனக்கு ஒரு பல் உடைந்தது. மிச்சம் இரண்டு பல்லில் இன்றைக்கும் நிற்கிறது. கம்பெனி மாறினால் பட்டனும் ஊசித் துளையும் வேறு இடத்தில் இருக்கும், பட்டை பொருந்தாது. அப்போது புதிய டிரைவோடு வந்த பட்டையையே விட்டுவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், வேலை குறையாது.

இழுப்பறை திறந்திருக்கும்போது நடுவில் ஒரு குட்டிக் கண்ணாடி தெரியும். அதுதான் லென்ஸ். விரல் படக் கூடாது. செம்மண் புழுதி படிந்திருந்தால் காற்றூதும் பம்ப்பால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டிரைவின் உலோக உடம்பைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம், உள்ளே இருக்கும் லேசர் கண்ணுக்குக் கெடுதல்.

பிறகு புதிய டிரைவைப் பள்ளத்தில் நேராகச் செருகி, கடைசி அரை சென்டிமீட்டரில் 'சடக்' என்று இணைப்பு உட்காரும் வரை தள்ளுங்கள். அடி ஸ்க்ரூவை மாட்டுங்கள். பேட்டரி, சார்ஜர், ஆன்.

விண்டோஸுக்கு அறிமுகம்

தனியாக டிரைவர் எதுவும் வேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜரில் புதிய மாடல் பெயர் வந்துவிடும். வரவில்லை என்றால் முதலில் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையில், பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் இணைப்பு சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி தள்ளுங்கள். பயாஸில் இருந்து விண்டோஸில் மட்டும் மஞ்சள் குறியோடு நின்றால், முன்பு எப்போதோ போட்ட சிடி எழுதும் மென்பொருள், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற பதிவுகள் காரணமாக இருக்கலாம். அந்த மென்பொருளை நீக்கி, டிவைஸ் மேனேஜரில் டிரைவை அன்இன்ஸ்டால் செய்து, மறுபடி ஆன் செய்தால் பல சமயம் தீர்ந்துவிடும்.

டிரைவுக்கு ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நன்றாக ஓடும் டிரைவைத் தொடாதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் பேட்டரி முழுவதும் ஏறிய பிறகு செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் டிரைவ் செங்கல்தான்.

வீட்டுத் தட்டை ஓட்டுவது

விஎல்சி 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போடுங்கள். மீடியா மெனுவில் 'ஓபன் டிஸ்க்' போய், 'ப்ளூ-ரே'யைத் தேர்ந்தெடுத்து, 'நோ டிஸ்க் மெனுஸ்' என்பதில் டிக் வைத்து 'பிளே' கொடுங்கள். தட்டு சுழன்று வேகமெடுக்க அரை நிமிடம் ஆகும், பொறுமை.

அப்படி ஓடாவிட்டாலும் பயப்பட வேண்டாம். எக்ஸ்ப்ளோரரில் தட்டைத் திறந்தால் பிடிஎம்வி என்ற ஃபோல்டர், அதற்குள் ஸ்ட்ரீம் என்ற ஃபோல்டர், அதற்குள் 00000, 00001 என்று எண்களைப் பெயராகக் கொண்ட எம்2டிஎஸ் கோப்புகள் இருக்கும். இருப்பதிலேயே பெரிய கோப்பு எதுவோ அதுதான் விசேஷம். அதை அப்படியே விஎல்சியில் இழுத்துப் போட்டால் ஓடும். சின்னக் கோப்புகளில் பூ விழும், பெயர் சுழலும், ஸ்டுடியோக்காரரின் கைவண்ணம்.

சினிமாத் தட்டு என்றால்

பவர்டிவிடி போன்ற உரிமம் உள்ள பிளேயரின், ப்ளூ-ரேக்கு ஆதரவு உள்ள பதிப்பை வாங்க வேண்டும். டிரைவோடு இலவசமாக வரும் பழைய பதிப்புகளில் பூட்டுச் சாவிகள் பழையதாகியிருக்கும். புதிய படம் திறக்காது, அப்டேட் கேட்கும். ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியில் பார்க்க இரண்டு பக்கமும் ஹெச்டிசிபி என்ற பாதுகாப்பு இருக்க வேண்டும். விஜிஏ வயரில் புரொஜெக்டர் மாட்டிச் சினிமாத் தட்டைப் போட நினைத்தால் மறுத்துவிடலாம். பூட்டில்லாத வீட்டுத் தட்டுக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. பூட்டை உடைக்கும் மென்பொருள்கள் இணையத்தில் உண்டுதான். 2012-ல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் உறவினர்கள் பெட்டியில் படத் தட்டும் வரும். ப்ளூ-ரே உலகை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா சி, சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ. மண்டலக் கட்டுப்பாடு உள்ள தட்டு என்றால் சி என்று வைத்திருக்கும் பிளேயரில் ஓடாது. உறையின் பின்பக்கம் ஒரு சின்ன அடையாளக் குறிக்குள் எழுத்து இருக்கும், பாருங்கள். கட்டுப்பாடே இல்லாத தட்டுகளும் நிறைய உண்டு. ப்ளூ-ரேயில் இந்த மண்டலத்தைப் பார்ப்பது பிளேயர் மென்பொருள். டிவிடியில் அதை டிரைவே பார்க்கும். இந்தியா 5, சிங்கப்பூர் 3, டிரைவில் ஐந்து தடவை மட்டும் மாற்றலாம், ஐந்தாவது தடவை வைத்தது நிரந்தரம். பழைய டிரைவ் வாங்குகிறவர்கள் எத்தனை மாற்றம் மிச்சமிருக்கிறது என்று டிவைஸ் மேனேஜரில் டிரைவின் ப்ராப்பர்டீஸில் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடுகிறது என்றால் உடனே பிரதி

வீட்டுத் தட்டு ஓடத் தொடங்கியதும் நான் செய்யும் முதல் காரியம், முழுத் தட்டையும் ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் போடுவது. ப்ளூ-ரேயின் ஒற்றை வேகம் நொடிக்கு 4.5 எம்பி. இரட்டை வேகத்தில் ஓடினாலும் 25 ஜிபி தட்டுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். நடுவில் நின்றுவிட்டால் தட்டை எடுத்து, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டமாக விழும் கீறல் ஒரே தடத்தைத் தொடர்ந்து கெடுத்துவிடும். பிரதி எடுத்த பிறகு தட்டுகளை உறையோடு நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். முற்றத்து ஓரம் வேண்டாம்.

காட்சியை நிறுத்திப் பார்க்க விஎல்சியில் ஸ்பேஸ் பட்டன். ஒவ்வொரு படமாக நகர்த்த ஆங்கில 'ஈ' எழுத்து. அந்தக் காட்சியைப் புகைப்படமாகச் சேமிக்க ஷிஃப்ட்டோடு 'எஸ்'. படங்கள் பிக்சர்ஸ் ஃபோல்டரில் போய் உட்காரும். ஆச்சிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கலசம் வைத்த வரிசையை நாலு கோணத்தில் எடுத்து, கொழுந்தனார் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அனுப்பி முடித்து நிமிர்வதற்குள், "அவுக தங்கச்சி இதுலே எங்கேயுமே காணுமே, ரெண்டாவது சீடியையும் போடு தம்பி" என்றார். முதல் தட்டு பிரதியாகி முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.